கழற்ற மறந்த பலகை

அத்தியாயம் 11

தார் எஸ் ஸலாமிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய பெலாஜியாவிடம், எப்போது திரும்பிப் போகிறாய் என்று வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் அவள் புருஷனைப் பற்றியும் கேட்கவேண்டி வரும். அதனால் மாட்டுக்குப் புல் அறுக்கும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஜூலை மாதம், கிளிமஞ்சாரோவில் ஏற வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வரும் மாதம். அவர்கள் ஊரான மராங்குவின் சாலையில் மற்ற கம்பெனிகளின் வண்டிகள் கூரை நிறைய மூட்டைகளைக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. 'மெல்கியோர் அண்ட் சன்ஸ் மலைப்பயணம்' என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே அண்ணன் எவரிஸ்ட் மட்டும் காலையில் கடையைத் திறந்து, மாலையில் பூட்டி, நடுவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

'சன்ஸ்' என்று போட்டிருந்தாலும் மகன் ஒருவன்தான். கம்பெனிக்கு வெப்சைட் போட்டு, வாடிக்கையாளர்களைப் பிடித்துக் கொடுத்தவள் மகள் பெலாஜியா. அந்தப் பலகையில் தனக்கு இடமில்லையா என்று கேட்டுத்தான் மார்ச் மாதம் அவள் அண்ணனோடு போனில் சண்டை போட்டாள். "இனிமே நீயே பாத்துக்கோ" என்று சொல்லி அன்றோடு கையை உதறிவிட்டாள்.

அப்பா மெல்கியோர் போன வாரமே ரோம்போவுக்குப் போய்விட்டார். அங்கே தன் தங்கை வீட்டில் காப்பிச்செடிகளைக் கத்தரித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை பெலாஜியா புல்கட்டை இறக்கிவைத்தபோது போன் அடித்தது. தியோதாத். ஒரு காலத்தில் மெல்கியோரிடம் சுமை தூக்கியவன். இப்போது மோஷியில் ஒரு பெரிய கம்பெனிக்குத் தலைமை வழிகாட்டி.

எவரிஸ்ட் போனை எடுக்கவில்லை என்றும், மலையேறியவர்கள் இறங்கி வெளியே வரும் முவேகா கேட்டுக்கு உடனே வந்துவிடும்படியும் சொன்னான். அவனுக்கு மூச்சிரைத்தது, பின்னால் பலர் இறங்கி வரும் காலடிச் சத்தம் கேட்டது.

"பெரியவரை இறக்கிட்டு வர்றோம் அக்கா."

"எந்தப் பெரியவர்?"

"நம்ம பெரியவர்தான்" என்றான்.

ரோம்போவில் இருப்பவரை மலையிலிருந்து எப்படி இறக்குவார்கள்? பெலாஜியா திரும்பிப் பார்த்தாள். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்திருந்தாள். ஊரே எவரிஸ்டின் அம்மா என்று கூப்பிடும் அந்த மனுஷி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்பவள். இன்று அவள் முகத்தைப் பார்த்து மகள் தெரிந்துகொண்டாள்.

"உனக்குத் தெரியுமா அம்மா?"

"பழைய பூட்ஸை எடுத்துப் பையில வெச்சார். காப்பிச்செடி வெட்ட எதுக்கு பூட்ஸுன்னு நான் கேக்கல. கேட்டா பொய் சொல்லணும் அவரு. இத்தனை வயசுக்கு மேல அவர என்கிட்ட பொய் சொல்ல வைக்க எனக்கு மனசு வரல."

"வழிகாட்டியாப் போயிருந்தா சொல்லிட்டே போயிருப்பாரு. சுமை தூக்கவா போனாரு?"

அம்மா முந்தானைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நீங்கள் இரண்டு பேரும் போங்கள், நான் வந்தால் அந்த மனுஷன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்று மட்டும் சொன்னாள்.

மராங்குவில் மெல்கியோர் வாழைப்பழச் சாராயத்துக்குக் காசு கொடுத்ததில்லை. கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள். அத்தனை பேரை மலைக்கு ஏற்றி, அத்தனை பேரையும் உயிரோடு இறக்கிக் கொண்டுவந்தவர். அதனால்தான் இந்தப் பக்கத்துக் கேட்டில் ஏறாமல், தன்னை அதிகம் பேருக்குத் தெரியாத மச்சாமே பக்கமாகப் போய், அடுத்தவன் கம்பெனியின் பனியனைப் போட்டுக்கொண்டு, வரிசையின் கடைசியில் நின்றிருக்கிறார்.

கடைக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும் எவரிஸ்ட் பிக்கப்பை எடுத்தான். மூடுபனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஹிமோ கூட்டுரோட்டை நோக்கி ஓட்டினான். அவன் கெட்டவன் இல்லை. மலையில் அவனைப்போல வேலை செய்ய ஆள் கிடையாது. வெப்சைட்டும் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையும் ஒன்று என்று அவன் நினைத்தான். ஒரு தடவை வண்ணம் அடித்து மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதுதான் அவனிடம் இருந்த கோளாறு.

பெலாஜியா வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வாரம் தவறாமல் ஏதாவது எழுதுவாள். காட்டுப் பாதையில் எந்த மாதம் சேறு, உச்சிக்குப் பக்கத்துக் கூடாரத்தில் சமையல்காரர் எப்படிப் பிறந்தநாள் கேக் செய்தார், தலைவலி வந்தால் மறைக்காதீர்கள் என்று மெல்கியோர் ஏன் திட்டுகிறார். மெயிலில் வந்த கடிதத்துக்கு அன்றே பதில் போடுவாள். முதல் வருஷம் முழுக்க ஒருத்தரும் வரவில்லை. மெல்கியோரே சிரித்தார். அடுத்த வருஷம் வந்தார்கள், மெல்கியோர்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவளுக்குக் கல்யாணமாகித் தார் எஸ் ஸலாமுக்குப் போனபிறகும் கொஞ்ச நாள் அங்கிருந்தபடியே எழுதிப்பார்த்தாள். அப்புறம் அவள் வீட்டிலேயே நூறு பிரச்சினை. எவரிஸ்ட் கையில் எடுத்தான். கூட்டம் இருந்தால் வெப்சைட்டைத் திரும்பிப் பார்க்கமாட்டான். கூட்டம் குறைந்தால் பதறிப்போய் அருஷாவில் ஒருத்தனுக்குக் காசைக் கொட்டி ஒரு வாரம் ஊரெல்லாம் விளம்பரம் போடச் சொல்வான். கடிதங்கள் வந்து குவியும். அந்த வாரம் பார்த்து அவன் சிக்னல் இல்லாத மலையுச்சியில் இருப்பான். இறங்கி வந்து பதில் போடும்போது எழுதியவர்கள் வேறு கம்பெனிக்குப் பணம் கட்டியிருப்பார்கள். இதெல்லாம் வீண் வேலை என்று விளம்பரத்தை நிறுத்துவான். ஆறு மாதம் கழித்துக் கம்பெனிக்குப் புதுப் பெயர், புது நிறம், புதுப் படம். மறுபடி பழைய பெயர்.

மார்ச் மாதச் சண்டையில் இதையும் அவள் சொல்லியிருந்தாள். "அண்ணா, இது தொழுவத்து மாடு மாதிரி. தினமும் புல் அறுத்துப் போடணும். கத்துற அன்னிக்கு ஒரு வண்டி புல்லக் கொட்டிட்டு மறந்துட்டா பால் கறக்காது."

"அப்ப நீ வந்து அறு. பட்டணத்துல ஃபேனுக்குக் கீழ உக்காந்துகிட்டு எனக்குப் புல் அறுக்கக் கத்துக்குடுக்காத."

இப்போது அவள் வந்து நிஜமாகவே புல் அறுத்துக்கொண்டிருக்கிறாள். மாட்டுக்கு.

மோஷியைத் தாண்டி முவேகா ஏற்றத்தில் வண்டி முனகியது. தியோதாத்தின் கம்பெனி நம்பரைத் தேடுவதற்காகப் போனை எடுத்த பெலாஜியா, என்ன தோன்றியதோ, வெளியூர்க்காரர் ஒருவர் தேடுவதுபோலத் தேடினாள். மெல்கியோர், கிளிமஞ்சாரோ, வழிகாட்டி.

முதலில் வந்தது தியோதாத்தின் கம்பெனிப் பக்கம். மலையின் மூத்த வழிகாட்டிகளைப் பற்றி அவர்கள் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள், அதில் மெல்கியோரின் பெயரும் இருந்தது. கட்டுரைக்கு முன்னும் பின்னும் வாரத்துக்கு ஒன்றாக எழுதி வைத்திருந்தார்கள். ஏப்ரல் மழையில் எழுதியிருந்தார்கள், மே மாத மழையிலும் எழுதியிருந்தார்கள். அப்பா பெயரைத் தட்டினால் அடுத்தவன் கடை திறந்தது.

தங்கள் பக்கம் எங்கேயோ கீழே கிடந்தது. அதைத் திறந்தாள்.

பக்கத்தை முழுக்க மறைத்துக்கொண்டு ஒரு பலகை. 'மசிக்கா விடுமுறை. மூடப்பட்டுள்ளது. மழை முடிந்ததும் வாருங்கள்.'

அவளுக்கு அந்த வாசகம் தெரியும். மார்ச் கடைசியில் மசிக்கா மழை பிடித்துக்கொண்டதும் மெல்கியோர் அதைத் தன் கையால் எழுதிக் கடைக் கதவில் மாட்டுவார். சுமை தூக்குகிறவர்கள் தங்கள் வாழைத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஜூன் மாதம் வெயில் வந்ததும் பலகையைக் கழற்றுவார். ஊரில் அத்தனை கம்பெனிகளுக்கும் வழக்கம் அதுதான். அப்பாவின் சொல் தட்டாத மகன் அதை வெப்சைட்டிலும் மாட்டியிருக்கிறான். இங்கே மழை கொட்டும் மாதங்களில்தான் அங்கே, குளிர் தேசங்களில், ஜன்னலோரம் உட்கார்ந்து எந்த மலைக்குப் போகலாம் என்று தேடுவார்கள். அது அவனுக்குத் தெரியாது. அவன் தேசத்தில் மழை பெய்தால் மலைக்கு யாரும் போகமாட்டார்கள்.

"அண்ணா, மசிக்கா பலகைய எடுத்தியா?"

"ஜூன்லயே கழட்டிட்டேனே. கழுவி பீரோவுக்குப் பின்னால வெச்சிருக்கேன்."

"கதவுல இருந்தத நான் கேக்கல."

எவரிஸ்ட் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனான். அப்புறம் எவரிஸ்ட் கியரைப் போட்டான். அவனைத் திட்ட வேண்டும் என்று பெலாஜியாவுக்கு வெறியாக வந்தது. மார்ச்சுக்குப் பிறகு தானும் ஒரு தடவைகூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை என்பது அவள் வாயைக் கட்டிப்போட்டது.

முவேகா கேட்டில் சேறும் சிரிப்புமாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பூட்ஸ் கழுவிக் கொடுப்பவர்கள், வாழைக்காய் வறுவல் விற்கிற பெண்கள், பீர் விற்பவர்கள் என்று திருவிழாக் கூட்டம். ஒரு குழு கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தது. காட்டுப்பாதையில் ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சர் தெரிந்ததும் அந்தப் பாட்டு நின்றுபோனது.

மெல்கியோரைப் போர்வையால் சுற்றி, பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். மூச்சு கொதிக்கிற பானைபோலச் சத்தம் போட்டது. உதடு நீலமாக இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

எவரிஸ்ட் குழந்தையைப்போல அழுதான்.

ஆம்புலன்ஸில் ஏற்றுகிற நேரத்தில் தியோதாத் நடந்ததைச் சொல்லி முடித்தான். பெரியவர் தானாக அவனிடம் வந்து வேலை கேட்டாராம். வழிகாட்டி இடம் காலியில்லை என்றதும் சுமை போதும் என்றாராம். மூன்றாவது முகாமிலேயே இருமல் ஆரம்பித்துவிட்டது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று இந்த மலையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான், அவரே அதை மறைத்திருக்கிறார். பையைக் கொடுங்கள், இறங்கிப் போங்கள் என்று தியோதாத் கெஞ்சியிருக்கிறான். கொடுக்கவில்லை.

"நான் முதல்லயே வேணாம்னுதான் சொன்னேன் அக்கா. உன் முதல் பைய உன் தோள்ல ஏத்தி வெச்சது யாருடான்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

அவனுக்குப் பின்னால் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். நரைத்த தலை, சேறு படிந்த கால்சட்டை. ஒரு பெரிய மஞ்சள் பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். அந்தப் பை அவளுடையது. மெல்கியோர் தூக்கி வந்தது அதைத்தான்.

பெயர் லிஸ்பெத், ஹாலந்துக்காரி. பல வருஷம் முன்பு புருஷனோடு வந்து மெல்கியோரோடு மலையேறியவள். பாதியில் புருஷனுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது அவரைத் தோளில் போட்டு இறக்கியவர் மெல்கியோர். அந்தப் புருஷன் இப்போது இல்லை. அவர் முடிக்காமல் விட்ட மலையை முடிக்க, அதே மனிதரோடு போகவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபிறகுதான் அவள் மிச்சத்தைச் சொன்னாள். கம்பெனி வண்டி ஹோட்டலுக்குக் கூப்பிட்டும் அவள் போகவில்லை.

"மே மாசம் பழைய மெயிலுக்கு எழுதினேன். பதில் வரல. வெப்சைட்டப் பாத்தேன். மூடியாச்சுன்னு போட்டிருந்துச்சு. மழை மழைன்னு ஏதோ எழுதியிருந்தீங்க, எனக்குப் புரியல. வயசானவரு, போயிட்டாரு போலன்னு நெனச்சு இந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டினேன். எங்க ஊரு சர்ச்சுல அவருக்காக மெழுகுவத்தி ஏத்தினேன்."

பெலாஜியா தலை குனிந்துகொண்டாள்.

"முதல் நாள் என் பேர் எழுதின பைய அவரே எடுத்துக்கிட்டாராம். தொப்பிய இறக்கி விட்டுக்கிட்டு எப்பவும் எனக்கு முன்னால நடந்திருக்காரு. நான் முதுகத்தான் பாத்தேன். நேத்து சாயங்காலம் என் கூடாரத்துக்கிட்ட பையோட விழுந்தப்பதான் முகத்தப் பாத்தேன். என் பேரச் சொன்னாரு."

எவரிஸ்ட் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

லிஸ்பெத் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அவள் ஊரில் நடைப்பயணம் போகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். அடுத்த வருஷம் எல்லோரும் வர ஆசைப்படுகிறார்கள். யாரோடு போவது என்று இவள் திரும்பிப் போனதும் கேட்பார்கள்.

"அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

பெலாஜியாவுக்கு எங்களிடம் வாருங்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. போனை எடுத்தாள். குறைந்தபட்சம் அந்தப் பலகையையாவது கழற்ற வேண்டும். பாஸ்வேர்டைக் கேட்டது. அவள் வைத்திருந்தது வேலை செய்யவில்லை.

"மாத்திட்டியா அண்ணா?"

சுவரைப் பார்த்தபடியே எவரிஸ்ட் தலையை ஆட்டினான்.

"என்ன வெச்சிருக்க?"

"உன் பேருதான்" என்றான். "சண்டை போட்ட அன்னிக்கு மாத்தினேன். வேற எதுவும் வாயில வரல."

அவள் தன் பெயரைத் தட்டினாள். உள்ளே விட்டது. பலகை ஒரு நொடியில் போய்விட்டது. அதற்கு அடியில் இருந்தது அவள் கடைசியாக எழுதிய பக்கம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்கியோர் சிரிக்கிற படம். படத்துக்குக் கீழே அவளே எழுதியிருந்தாள். 'அடுத்த வாரம்: மலைக்கு பூட்ஸ் வாங்குவது எப்படி? மெல்கியோர் சொல்கிறார்.'

இரண்டு வருஷமாக அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. வரும் வரும் என்று யாராவது எங்கோ கொஞ்ச நாள் திறந்து பார்த்திருப்பார்கள். அப்புறம் அவர்களும் விட்டிருப்பார்கள். இன்றைக்கு எழுதவேண்டும், அடுத்த வாரமும் எழுதவேண்டும், அடுத்த மசிக்காவில் ஊரே நனைந்து கிடக்கும்போதும் எழுதவேண்டும். அவள் புதுப் பக்கத்தைத் திறந்தாள். முதல் வார்த்தை வரவில்லை. அப்பா இருக்கிறார் என்று எழுதுவதா, இருந்தார் என்று எழுதுவதா?

வார்டு கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, மெல்கியோரோட ஆளுங்க யாரு என்று கேட்டாள்.

"நான் பையன்."

"நான் பொண்ணு."

மூச்சு இன்னும் நிலைக்கு வரவில்லை, மாஸ்க்கை வைத்தால் பிடுங்கிப் போடுகிறார், ஒரே ஒருத்தர் வந்து சமாதானப்படுத்திவிட்டுப் போகட்டும் என்றாள். எவரிஸ்ட் தங்கையின் முதுகைத் தொட்டு முன்னால் தள்ளினான்.

"நீங்க இல்ல" என்றாள் நர்ஸ். "பை வந்து சேந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. அந்தப் பைக்காரம்மாவ வரச் சொல்றாரு. பிள்ளைங்க வேணாமாம்."

லிஸ்பெத் பையோடு எழுந்து உள்ளே போனாள்.

கதவுக் கண்ணாடி வழியாக அண்ணனும் தங்கையும் பார்த்தார்கள். அவள் பையைத் தூக்கிக் காட்டினாள். மெல்கியோர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாஸ்க்கைத் தூக்கி ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை, நடுநடுவே மூச்சை வாங்கிக்கொண்டு நெடுநேரம் சொன்னார். லிஸ்பெத் அவர் வாயருகே குனிந்து கேட்டாள். கேட்டுவிட்டுத் திரும்பி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற இருவரையும் பார்த்தாள். எவரிஸ்டைப் பார்த்துவிட்டு, பெலாஜியாவின் மேல் கண்ணை எடுக்காமல் வைத்திருந்தாள்.

"என்ன சொல்லியிருப்பாரு?" என்றான் எவரிஸ்ட்.

பெலாஜியாவின் போனில் வெற்றுப் பக்கம் திறந்தே இருந்தது. நர்ஸ் வந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினாள்.